முழங்காலை விசாரிக்காத கடிதம்

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் நலம். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். உன் ஆபீஸில் ஒரு மேசைக்கு நாலு காது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தான் பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதத்துக்கான மருந்து ஆய்வில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்து மாதிரியே இருக்கும் வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாதாம். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நின்றவள் நான். டாக்டருக்கே தெரியாத மருந்தை யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை.

அவர் நன்றாகத்தான் இருக்கிறார். அதுதான் எனக்குச் சந்தேகம். போன வருஷம் வாசற்படிக்கு வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவாரே, "டிரைவருக்கே பிரேக் பிடிச்சிருச்சு" என்று அவரே சிரிப்பாரே, அது போய்விட்டது. சட்டைப் பொத்தானை அவரே போடுகிறார். பழைய பஸ் டிப்போ வரை தனியாக நடந்து போய், அங்கே இருக்கிற டிரைவர்களுக்கெல்லாம் புத்தி சொல்லிவிட்டு வருகிறார். நான் ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசப்பே இல்லை, லேசாகத் தித்தித்தது. மனசு ஏமாந்து நடக்கிறது என்றால், அது ஒரு நாள் விழித்துக்கொண்டு தொப்பென்று உட்காருமே என்று பயமாக இருக்கிறது. மாவென்று தெரிந்தால் வெளியே கூட்டிவந்து வேறு நல்ல டாக்டரிடம் காட்டிவிடுவேன். மாவுக்கு ஒரு வருஷத்தைத் தூக்கிக் கொடுக்க அவரிடம் வருஷங்கள் கொட்டிக் கிடக்கவில்லை.

இந்த ஆய்வுக்கு நிதி கொடுப்பது உங்கள் அறக்கட்டளை. நிதி உதவிக் கோப்புகள் எல்லாம் உன் மேசையில். நீ ஒன்றும் எழுதி மாட்டிக்கொள்ள வேண்டாம். எந்தக் கடிதத்தை முடிக்கும்போதும் என் முழங்காலை விசாரிப்பாய் அல்லவா? அசல் மருந்து என்றால் வழக்கம்போல விசாரி. மாவு என்றால் விசாரிக்காதே. நான் புரிந்துகொள்வேன்.

இருமல் வந்தால் கண்ட மருந்தையும் குடிக்காதே, மூன்று நாள் பொறுத்துப் பார்.

அக்கா


ஜனவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நாங்கள் இருவரும் சுகம். உன் போன கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது, திட்டாதே. அத்தான் டிப்போவுக்குப் போய் வருகிறார் என்று படித்ததும் இவளிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

இங்கே தலை நிமிர நேரமில்லை. நடுக்குவாத ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு இந்த முறை நாற்பத்தொரு விண்ணப்பம். ஒவ்வொன்றிலும் கேட்டவர் பெயரை மறைத்து, எண் போட்டு, நிபுணர் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அத்தான் இருக்கிற ஆய்வு முடிந்ததும் அதன் அடுத்த கட்டத்துக்கு நிதி கொடுப்பதா என்பதும் இந்த ஆண்டுதான் முடிவாகும். நூற்றறுபது பேரும் கடைசி வரை இருந்தால்தான் அதன் முடிவை நம்பலாம் என்று செயலாளர் தினமும் சொல்கிறார். சுவரில் எங்கள் நிறுவனர், கடைசிக் காலத்தில் ஸ்பூன் பிடிக்க முடியாமல் போன பிஸ்கட் கம்பெனி முதலாளி, எங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

தபால் வண்டி வந்துவிட்டது. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஜனவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம். உன் மனைவியின் உடம்பையும் பார்த்துக்கொள். உன் கடிதம் நேற்று கைக்கு வந்தது. இவ்வளவு சீக்கிரம் எழுதுவாய் என்று நான் நினைக்கவில்லை.

கடைசி வரியை மூன்று முறை படித்தேன். அத்தானைக் கேட்டிருக்கிறாய். வேறு எதையும் கேட்கவில்லை. புரிந்தது. நூற்றறுபது பேரும் கடைசி வரை இருக்க வேண்டும் என்று எழுதினாயே, அதுவும் புரிந்தது. ஆள் நழுவிவிடக் கூடாது என்று உங்கள் செயலாளருக்குக் கவலை. பிஸ்கட் கம்பெனிக்காரர் வைத்த அறக்கட்டளை வேறு எதைக் கொடுக்கும், மாவைத்தான் கொடுக்கும்.

இனி நான் பார்த்துக்கொள்கிறேன். நீ நிம்மதியாக இரு. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் நலமா? நலமாகத்தான் இருப்பீர்கள், இல்லாவிட்டால் உன் மனைவி போன் செய்திருப்பாள். ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சொன்னது தெரிந்துவிடும் என்று பயமா? அல்லது யாராவது உன்னைக் கண்காணிக்கிறார்களா?

உன் அத்தான் இப்போது டிப்போவுக்குப் போவதில்லை. காலையில் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்கிறார். வாசலில் மறுபடியும் கால் ஒட்டிக்கொள்கிறது. தரையில் குறுக்கே மஞ்சள் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். கோட்டைப் பார்த்தால் தாண்டுவதற்குக் கால் எழும்புகிறது. "பாதசாரிகள் கடக்குமிடம்" என்று முன்பானால் சொல்லியிருப்பார். இப்போது சொல்லவில்லை. வேறு டாக்டரிடம் கூட்டிப் போனேன். சாப்பிடுகிற பழைய மாத்திரையே போதும் என்று அனுப்பிவிட்டார். அவருக்கும் ஆய்வுக்காரர்களுக்கும் உள்ளுக்குள் ஏதாவது இருக்குமோ என்னவோ.

மாதப் பரிசோதனைக்கும் போய் வந்தோம். நர்ஸ் புட்டியில் மீதி இருந்த கேப்ஸ்யூல்களை எண்ணினாள். எண்ணிக்கை சரியாக இருந்தது.

நன்றாகச் சாப்பிடு. இரண்டு வரியாவது எழுது.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் இருவர் சுகத்துக்கும் எழுது.

உன் மூன்று கடிதங்களும் கிடைத்தன. எதையும் கிழிக்கவில்லை. ஆய்வில் இருப்பவரின் உறவினர் எங்களிடம் என்ன கேட்டாலும் அதைச் செயலாளரிடம் கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுத்துவிட்டேன். இங்கிருந்து ஒரு சொல் கசிந்தாலும் முழு ஆய்வும் செல்லாது. நூற்றறுபது பேர் விழுங்கியது எல்லாம் வீணாகும்.

யாருக்கு எது என்பது எனக்குத் தெரியாது. செயலாளருக்கும் தெரியாது. நாங்கள் நிதி கொடுத்து அறிக்கை வாங்குகிறவர்கள், அவ்வளவுதான். பட்டியல் வேறு ஒரு கட்டடத்தில், புள்ளிவிவர நிபுணர் ஒருவரின் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. "புரிந்தது" என்று எழுதியிருக்கிறாய். எதைப் புரிந்துகொண்டாய் என்று எனக்குப் புரியவில்லை. உன் முழங்காலைப் பற்றி இனி நான் பேசுவதாக இல்லை. கேட்டாலும் ஒரு பதில், கேட்காவிட்டாலும் ஒரு பதில் என்று வசமாக மாட்டிவிட்டாய்.

அத்தான் கேப்ஸ்யூலைச் சரியாகச் சாப்பிடுகிறாரா? இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுது.

இனி ஆபீஸ் முகவரி வேண்டாம். வீட்டுக்கே எழுது. பெரிய காரணம் ஒன்றுமில்லை.

தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் சுகமா? இங்கே சுகத்துக்குக் குறைவில்லை.

நீ எழுதியது உன் கடிதமே இல்லை. கையெழுத்து உன்னுடையதுதான். ஆனால் செயலாளர் உன் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாய். பரீட்சை விடைத்தாளிலேயே ஜோக் எழுதி அடி வாங்கியவன் என் தம்பி. அவன் எனக்கு விதியைப் பற்றி எழுதமாட்டான். வீட்டுக்கு எழுது என்றால், ஆபீஸில் என் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அது வெளியே தெரியாமலிருக்கத்தான் அந்தப் பூட்டிய அலமாரிக் கதை. எனக்கு எல்லாம் தெரியும், நீ ஒன்றும் விளக்க வேண்டாம்.

அத்தான் சரியாகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டிருக்கிறாய். மூன்று வேளையும் சரியாகத்தான் சாப்பிடுகிறார். முன்னைப் போல இரண்டாம் முறை கேட்பதில்லை.

ஜாக்கிரதையாக இரு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 19

மச்சானுக்கு,

உன் நலம் அறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். ஆவல் இல்லை, ஆனாலும் நலமாக இரு. போகப் போக என் எழுத்து சிறுத்துவிடும், நோய் அப்படி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி. இதை உன் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தபால்பெட்டி எதிர்வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. அங்கே போய்ச் சேர எனக்கு அரை மணி நேரம் வேண்டும்.

ஜனவரியில் ஒரு நாள் காலை உன் அக்கா கேப்ஸ்யூல் புட்டியை என் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "இது வெறும் மாவு. தம்பியே சொல்லிட்டான்" என்றாள். அன்றிலிருந்து வேளைக்கு ஒன்றாகக் கழுவுதொட்டியில் கொட்டுகிறாள். எண்ணிக்கை தப்பாமல் கொட்டுவதற்கு அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்? சரியாகச் சாப்பிடுகிறேனா என்று நர்ஸ் என்னைக் கேட்டபோது கையை ஆட்டினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். போன செப்டம்பரில் வந்திருந்தாய். கைப்பிடியைத் தொடாமல் மொட்டைமாடி வரை ஏறிக் காட்டினேன். "அத்தான், நீங்க இனிமே மாடிக்கு பஸ்ஸே விடலாம்" என்று கைதட்டினாய். அப்போதே உனக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டுதான் கைதட்டினாயா? முப்பத்தைந்து வருஷம் வண்டி ஓட்டினேன். பிரேக் இல்லாத வண்டியை இருக்கிறது என்று சொல்லி யார் கையிலும் கொடுத்ததில்லை. மாவு சாப்பிட்டது பெரிய விஷயமில்லை. நீ உள்ளுக்குள் சிரித்திருப்பாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பதில் வேண்டாம்.

அத்தான்


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

வணக்கம். இதை அக்கா சத்தமாகப் படிக்க வேண்டும். ஒரு வரியையும் விழுங்கக் கூடாது.

நான் எதையும் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கு ஒன்றும் தெரியாது. அக்கா, ஜனவரியில் நான் எழுதிய கடிதத்தை எடுத்து மேலே பார். தேதி ஐந்து. முழங்கால் ஏற்பாட்டை நீ எழுதியது ஆறாம் தேதி. அது என் கைக்கு வந்தது ஒன்பதாம் தேதி. நீ கேட்பதற்கு முந்தின நாளே நான் எப்படிப் பதில் சொல்வேன்? உன் முழங்காலை அன்று விசாரிக்காததற்குக் காரணம் தபால் வண்டி. வேறு எந்த மண்ணாங்கட்டியும் இல்லை.

"தம்பியே சொல்லிட்டான்" என்றா சொன்னாய்? என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். என் பெயரைச் சொல்லி அவர் கையிலிருந்த புட்டியைப் பிடுங்க உனக்கு எப்படி மனசு வந்தது? எனக்கு உன்மேல் கோபம், அக்கா. அதை மறைத்து எழுத எனக்கு வரவில்லை.

அத்தான், நான் கைதட்டியது நீங்கள் ஏறியதற்கு. அது மாவா மருந்தா என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆய்வு டாக்டரிடம் நாளைக்கே போய் நடந்ததையெல்லாம் சொல்லிவிடுங்கள். கேப்ஸ்யூலை மறுபடி சாப்பிடலாமா என்று அவர் சொல்லட்டும்.

உங்கள் உடம்பைப் பற்றி உடனே எழுதுங்கள்.

தம்பி


ஏப்ரல் 30

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். ஐந்து வாரமாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

நீ சொன்னபடி சத்தமாகப் படித்தேன். தேதி வந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். மீதியை அத்தான் வாங்கிப் படித்தார். உன் ஜனவரிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஐந்து என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாய். முப்பது வருஷம் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிக் காலாவதித் தேதி பார்த்த எனக்கு, ஒரு கடிதத்தில் தேதி பார்க்கத் தோன்றவில்லை. ஊரில் உள்ள எல்லாரையும் சந்தேகப்பட்டேன். நான் படித்துப் புரிந்துகொண்டதை மட்டும் சந்தேகப்படவில்லை.

டாக்டரிடம் சொன்னோம். திட்டுவார் என்று போனேன். "எந்தத் தேதியிலேருந்து எந்தத் தேதி வரைக்கும்?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். மறுபடி கேப்ஸ்யூலைத் தொடங்கியாயிற்று. நடை மட்டும் திரும்பவில்லை. உன் கடிதம் வந்தபின் உன்மேல் அவருக்கு வருத்தம் போய்விட்டது. என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறார். அசல் மருந்தைத்தான் கழுவுதொட்டியில் கொட்டினேனோ என்று நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உன் ஆபீஸுக்குப் போன் செய்தேன். "அவரா? அவரு பிப்ரவரியிலேருந்து பழைய கோப்பு ரூம்ல இருக்காரு" என்றாள் எடுத்த பெண். ஏன் சொல்லவில்லை? குற்றம் முழுக்க என்னுடையது என்று செயலாளருக்கு நாலு பக்கம் எழுதிப் போட்டிருக்கிறேன்.

கோபம் ஆறியதும் எழுது.

அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். கோபம் முக்கால்வாசி ஆறிவிட்டது.

பழைய கோப்பு அறையில் ஜன்னல் இருக்கிறது, மேலே அது கிடையாது. உன் நாலு பக்கத்தைப் படித்துவிட்டுச் செயலாளர், "உங்க அக்கா நல்லா எழுதுறாங்க" என்றார். என் இடம் மாறவில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. அத்தான் ஆய்வில் சேர்ந்த அன்றே அதை எழுதிக் கொடுத்து அந்தக் கோப்பிலிருந்து நான் விலகியிருக்க வேண்டும். அது என் மேசையிலேயே இருக்கட்டும் என்று ஓர் ஆசை. எதையும் தெரிந்துகொள்ள முடியாது என்று தெரிந்தும் அதைப் பக்கத்தில் வைத்திருந்தேன். இதை அப்போது உன்னிடம் சொல்லவில்லை, செயலாளரிடமும் சொல்லவில்லை.

முப்பது வருஷத்து விண்ணப்பங்கள் இங்கே அடுக்கிக் கிடக்கின்றன. முக்கால்வாசியில் "இன்னும் ஐந்து ஆண்டுகளில் குணமாக்கலாம்" என்று ஒரு வரி இருக்கிறது. உன்னைப் போன்றவள் படித்தால் போலீஸைக் கூப்பிடுவாள். எனக்கு அவர்கள் பொய் சொன்னதாகத் தோன்றவில்லை.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இதற்கு எந்த உள்ளர்த்தமும் இல்லை. வலிக்கிறதா என்று கேட்கிறேன், அவ்வளவுதான்.

தம்பி


அக்டோபர் 17

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் மனைவிக்கு இருமல் நின்றதா? இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம்.

ஆய்வு போன மாதம் முடிந்தது. நேற்றுக் கூப்பிட்டு ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அத்தான் அதை என்னிடம் நீட்டினார். "நீயே படி. தேதியோட படி" என்றார்.

மருந்து தரப்படாத பிரிவு என்று இருந்தது. நான் முதலிலிருந்து நினைத்தது சரி. அசல் மருந்தைக் கொட்டவில்லை என்று நிம்மதியாக இருந்தது, அப்படி நிம்மதிப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

"என்ன போட்டிருக்கு?"

"மாவுதான்."

"எப்பலேருந்து?"

"ஆரம்பத்திலேருந்தே."

"மொட்டைமாடி ஏறினேனே, அப்ப?"

"அப்பவும் மாவுதாங்க."

குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு, "அப்ப ஏறினது யாரு?" என்றார். "மருந்து ஏறலையே. நான்தானே ஏறியிருக்கேன்? டிப்போவுக்குப் போனதும் நான்தானே?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஜனவரிக்குப் பிறகு நான் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்படி நடந்துகொண்டிருந்த மனிதரை ஒரே ஒரு வார்த்தை சொல்லி நாற்காலியில் உட்கார வைத்தவள் நான். அதை அவரிடமே சொன்னேன். "ஆமா, நீதான்" என்றார். இல்லை என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. பிறகு, "பேனா எடு, உன் தம்பி ஆபீஸுக்கு ஒரு லெட்டர் போடணும்" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். உனக்கும் தெரியட்டும் என்று இங்கே எடுத்து எழுதுகிறேன்.

"அறக்கட்டளை ஐயா அவர்களுக்கு. உங்கள் ஆய்வில் மாவு சாப்பிட்டவன் நான். ஆறு மாதம் நன்றாக நடந்தேன். மாவு என்று சொன்னதும் நின்றுவிட்டேன். மருந்து கண்டுபிடிக்கிறவர்களுக்கு நிதி கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஆறு மாதமும் என் கால் எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்க யாராவது நிதி கேட்டு வந்தால் அவர்களுக்கும் கொடுங்கள். அந்த ஆய்வுக்கு நான் வருகிறேன். எதையும் மறைக்க வேண்டாம். மாவு என்று சொல்லியே கொடுங்கள்."

கீழே கையெழுத்தை அவரே போட்டார். கடுகு கடுகாக இருக்கிறது. அசல் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ கையால் தொடாதே, விதி ஏதாவது இருக்கும். வேறு யாரையாவது விட்டு மேலே கொடுக்கச் சொல்.

இதை எழுதும்போதே அவர் கூடத்தில் எழுந்து நடக்கிற சத்தம் கேட்டது. வாசல் வரை வந்து நின்றுவிட்டது. இத்தனை நாளும் சத்தம் நின்றால் ஓடிப் போய்ப் பார்ப்பேன். இன்று பேனாவைக் கீழே வைத்தேன், ஆனால் எழுந்திருக்கவில்லை. நேரம் ஆகிக்கொண்டே இருந்தது. நான் கூப்பிடவும் இல்லை. இப்போது காலடிச் சத்தம் வெளிப்படியில் கேட்கிறது.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா